சுவருக்கு அந்தப் பக்கம்: கம்பாலாவின் 351 தன்னார்வலர்கள்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வருமானம் குறைந்தவர்கள் வாடகைக்கு இருக்கும் இடத்துக்கு 'முசிகோ' என்று பெயர். நீளமாக ஒரு கட்டடம், வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு குடும்பம். நடுவில் இருப்பது ஒரு சுவர். அந்தப் பக்கம் அடி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும், அதற்கு அடுத்த அறையிலும் கேட்கும். கேட்கிறவர்கள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தில் தலையிட நாம் யார்?

கேட்பதற்கும் போய்க் கதவைத் தட்டுவதற்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தைக் குறைக்க, 2008 முதல் 2012 வரை கம்பாலாவின் நான்கு பகுதிகளில் ஒரு வேலை நடந்தது. அதைச் செய்தவர்கள் 351 தன்னார்வலர்கள். எல்லோரும் அந்தந்தத் தெருக்காரர்கள். இந்த நிகழ்வு ஆய்வு அவர்களைப் பற்றியது. அவர்களைவிட, அவர்களைப் பின்னால் இருந்து நடத்தியவர்களைப் பற்றியது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குப் புதிதாகப் பட்டது தன்னார்வலர்களின் துணிச்சல் இல்லை. துணிச்சல் எங்கேயும் உண்டு. அவர்களை எப்போது போகவிட வேண்டும், எதுவரை போகவிடக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாரே, அதுதான்.

இடமும் ஆட்களும்

திட்டத்தின் பெயர் 'சாசா!'. சுவாஹிலியில் 'இப்போது' என்று பொருள். ஆச்சரியக்குறியும் பெயரோடு சேர்ந்ததுதான். தொடக்கம், விழிப்பு, ஆதரவு, செயல் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தாலும் அதே பெயர்தான் வரும். இதை வடிவமைத்தது கம்பாலாவில் 1999இல் தொடங்கப்பட்ட 'ரெய்சிங் வாய்சஸ்' என்ற அமைப்பு. தெருவில் இறங்கி நடத்தியது 'செடோவிப்', அதாவது குடும்ப வன்முறைத் தடுப்பு மையம். குடும்ப வன்முறையையும் எச்.ஐ.வி.யையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே முடிச்சாகப் பார்த்தது இந்தத் திட்டம். மனைவிக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லாத வீட்டில் ஆணுறையைப் பற்றிப் பிரசாரம் செய்து என்ன பயன் என்பதுதான் அங்கே இருந்த கேள்வி.

கம்பாலாவுக்கு ஐந்து பிரிவுகள். அவற்றில் ருபாகா, மகிந்தியே ஆகிய இரண்டிலிருந்து எட்டுப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கொன்று நிகரான ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுப்பதுபோல எடுத்தார்கள். நான்கில் வேலை உடனே தொடங்கும், மற்ற நான்கும் காத்திருக்கும். வேலை தொடங்குவதற்கு முன் 2007–08இல் ஒரு கணக்கெடுப்பு, நான்கு ஆண்டு கழித்து 2012இல் இன்னொன்று. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் மக்கரேரே பல்கலைக்கழகமும் சேர்ந்து மதிப்பீட்டைச் செய்தன.

தன்னார்வலரைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் தேடினால் வழக்கமாக யார் வருவார்கள்? ஏற்கெனவே எல்லாக் குழுவிலும் இருப்பவர், நன்றாகப் பேசுபவர், பதவியில் இருப்பவர், பதவிக்கு ஆசைப்படுபவர். சாசாவில் தேடியது சாதாரண ஆட்களை. ஆண்கள் பாதி, பெண்கள் பாதி. அதே பகுதியில் குடியிருக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் நாலு பேர் மதிக்க வேண்டும். சம்பளம் கிடையாது. எந்த நேரமும் சரியாக நடந்துகொள்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்ளச் சம்மதிப்பவராக இருந்தால் போதும். ஊர்த் தலைவர்கள், போலீஸ்காரர்கள், சுகாதார ஊழியர்கள், மதத் தலைவர்கள் எல்லோருக்கும் தனியாக ஒரு வரிசை இருந்தது. அவர்களைத் தன்னார்வலர்களோடு கலக்கவில்லை. ஊர்த் தலைவரே வீடுவீடாக வந்து பேசினால் அதற்குப் பெயர் விசாரணை. பக்கத்து அறைக்காரர் வந்து பேசினால் அது பேச்சு.

உள்ளூரில் ஏற்கெனவே இருந்த ஓர் உறவுமுறையையும் விட்டுவிடவில்லை. கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டா பகுதியின் மரபில் 'செங்கா' என்பவர் அப்பாவின் கூடப்பிறந்தவள், நம் சொல்லில் அத்தை. பெண்பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னால் தாம்பத்தியத்தைப் பற்றிச் சொல்லித்தரும் உரிமையும் கடமையும் அவருடையது. இன்றைக்கு அதையே தொழிலாகச் செய்யும் செங்காக்களும் நகரத்தில் உண்டு. 'புருஷன் என்ன செய்தாலும் பொறுத்துப் போ' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அனுப்பிய அதே வாய் வேறு மாதிரி பேசத் தொடங்கினால், அதற்கு ஆயிரம் சுவரொட்டி ஈடாகாது. திட்டம் அவர்களையும் உட்காரவைத்துப் பேசியது.

முதலில் யாரையும் எங்கும் அனுப்பவில்லை

பயிற்சி முடிந்த தன்னார்வலருக்குக் கை பரபரக்கும். அடிக்கிற வீடு எது என்று அவருக்குத் தெரியும், பெயரும் தெரியும். நேரே போய்க் கேட்டுவிட்டால் என்ன என்றுதான் தோன்றும். சாசாவின் முதல் கட்டத்தில் இதற்கு இடமே இல்லை. தொடக்கக் கட்டத்தின் பாடம் ஒன்றே ஒன்று: உன் வாழ்க்கையில் உனக்கு எங்கே பலம் இருக்கிறது, எங்கே இல்லை, அதை யார்மேல் காட்டுகிறாய்? வன்முறை, பெண்ணுரிமை, பாலினச் சமத்துவம் என்ற சொற்களை முன்னால் வைக்கவே இல்லை. அவை எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே சொல், 'பவர்'.

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு கட்டத்தையும் கட்டிவிட்டார்கள். எனக்குள் இருக்கும் பலம், அடுத்தவர்மேல் நான் செலுத்தும் அதிகாரம், சேர்ந்து நிற்பதால் வரும் பலம், செய்து முடிக்கும் பலம். தமிழில் இந்த நான்குக்கும் ஒரே சொல் கிடைக்காது. பலம் என்றால் நல்லது, அதிகாரம் என்றால் அடுத்தவனுடையது என்று நம் மொழியே பிரித்துவைத்திருக்கிறது. இந்தத் திட்டத்தைத் தமிழில் நடத்த நினைக்கும் யாருக்கும் முதல் தலைவலி இதுதான்.

சரி, ஏன் இந்தச் சுற்றுவழி? 'நீ மனைவியை அடிக்கிறாய்' என்று ஆரம்பித்தால் எதிரில் இருக்கும் ஆண் அந்த நிமிடமே காதை மூடிக்கொள்வார். 'உன் முதலாளி உன்னை எல்லோர் முன்னாலும் திட்டியபோது எப்படி இருந்தது?' என்று ஆரம்பித்தால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதைச் சொல்லி முடித்தபின், வீட்டில் அந்த முதலாளி யார் என்ற கேள்வி வரும்போது அதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போட வேண்டியிருக்காது.

தன்னார்வலருக்கும் இதே சுற்றுவழிதான். தன் வீட்டில் கையை ஓங்கிக்கொண்டு தெருவில் படம் காட்டினால் ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும். முசிகோவில் எந்தச் சத்தமும் ஒளிவதில்லை, தன்னார்வலர் வீட்டுச் சத்தமும்தான்.

இரண்டாவது கட்டத்தில்தான் வன்முறையைப் பற்றி வெளிப்படையான பேச்சு. அப்போதும் தனி வீடு எதையும் சுட்டுவதில்லை. மூன்றாவதில், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பது, மாற முயலும் ஆணுக்குத் துணையாக இருப்பது, மற்ற தன்னார்வலருக்குக் கைகொடுப்பது. நான்காவதில்தான் அடங்கி இருந்தவர்கள் சேர்ந்து இறங்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு சின்னக் கணக்கெடுப்பு உண்டு. மக்களின் எண்ணம் எதுவரை நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். பகுதி தயாராகவில்லை என்றால் அதே கட்டத்தில் இன்னும் கொஞ்ச நாள். நாள்காட்டியை வைத்து வேலையை நகர்த்தாமல் பகுதியின் நிலையை வைத்து நகர்த்துவது என்பது, காலாண்டு அறிக்கை எழுதிப் பழகிய யாருக்கும் லேசில் ஒத்துவராத ஒழுங்கு.

ஸ்டாண்டில் அரைமணி நேரம்

தன்னார்வலரின் வேலை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு காட்சியை எழுதிப் பார்க்கிறேன். நடந்த சம்பவம் இல்லை. ஆனால் பயிற்சிமுறை எதிர்பார்ப்பது ஏறத்தாழ இதைத்தான்.

மத்தியானம். போடா-போடா ஸ்டாண்ட், அதாவது வாடகை பைக் ஓட்டுபவர்கள் சவாரிக்குக் காத்திருக்கும் இடம். ஏழெட்டுப் பேர் வண்டிமேல் சாய்ந்து கிடக்கிறார்கள். நாற்பது வயதுப் பெண்ணொருத்தி சுருட்டிய படம் ஒன்றோடு வருகிறாள். அங்கே காய்கறி விற்பவள், எல்லோருக்கும் தெரிந்த முகம்.

"என்ன ஞாபோ, எங்களப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கவா?" அங்கே பேசும் லுகாண்டா மொழியில் 'ஞாபோ' என்றால் அம்மா என்பதுபோல, 'செபோ' என்றால் ஐயா என்பதுபோல மரியாதையாக அழைப்பது.

"படம் காட்ட வந்தேன் செபோ. பாருங்க, இதுல என்ன நடக்குது?"

"அடிக்கப் போறான்."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்?"

"சாப்பாடு லேட்." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

"லேட்டுன்னா அடிக்கலாமா?"

"அடிக்கலாம்னு யாரு சொன்னா? ஆனா அவ என்ன பேசினாளோ?"

"அவன் பேசினதுக்கு அவ அடிச்சாளா? அதையும் சொல்லுடா," என்கிறார் பின்னால் இருந்து வயதான ஒருவர். வாக்குவாதம் கிளம்புகிறது. நடுவில் ஒரு சவாரி வருகிறது, ஓர் ஆள் கிளம்பிப் போகிறார். இன்னொருவர் போனில் பேச ஆரம்பிக்கிறார். மிச்சம் இருக்கும் ஐந்து பேர் அவளை மறந்து தங்களுக்குள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். கதவோரம் நிற்கும் சிறுவனையும் அந்தப் படத்தில் வரைந்திருக்கிறார்கள். அவனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வந்தவள் அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு படத்தைச் சுருட்டுகிறாள்.

தீர்ப்பு சொல்லாமல் கிளம்பிவிட்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவள் பதிலைச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். போனபிறகும் அது ஓடும். ராத்திரி வீட்டுக்குப் போய், 'இன்னைக்கு ஸ்டாண்டுல ஒரு கூத்து' என்று ஒருவன் மனைவியிடம் சொல்லக்கூடும். நிகழ்ச்சிகளில் நேரடியாகக் கலந்துகொண்டவர்களோடு மாற்றம் நிற்கவில்லை, பேச்சு வழியாகப் பகுதி முழுக்கப் பரவியது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்வதற்கு இந்த வகைப் பேச்சுதான் காரணம்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு படிவம் நிரப்புவாள்: எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன எதிர்ப்பு வந்தது, எங்கே தடுமாறினேன். சில கூட்டங்களில் செடோவிப் ஊழியர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். தன்னார்வலர்களின் கூட்டங்களில் இந்தப் படிவங்களை வைத்துத்தான் பேச்சு. ஒரே கேள்வியில் நாலு பேர் தடுமாறியிருந்தால் அடுத்த பயிற்சி அதில்.

மொத்தக் கணக்கையும் வகுத்துப் பார்த்தேன். 351 பேரும், கூடவே பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்களும் போலீஸ்காரர்களும் தலைவர்களுமாகச் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சிகள் 11,000க்கும் மேல். சென்றடைந்தவர்கள் 2,60,000க்கும் மேல் என்று பதிவு. ஒரு நிகழ்ச்சிக்குச் சராசரியாக 24 பேர் வருகிறது. மேடையும் மைக்கும் வைத்த கூட்டத்தின் எண்ணிக்கையாக இது தெரியவில்லை. ஒரு திண்ணை, ஒரு ஸ்டாண்ட், ஒரு மரத்தடி. தன்னார்வலர் ஒருவருக்கு வகுத்தால் மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சிகூட முழுதாக வரவில்லை. சராசரிதானே, சிலர் ஓடியாடிச் செய்திருப்பார்கள், சிலர் பாதியில் ஓய்ந்திருப்பார்கள். ஆனாலும் ஆள் ஒருவர்மேல் விழுந்த சுமை குறைவு. இருபது பேரைச் சேர்த்து அவர்களைச் சக்கையாகப் பிழிவதைவிட 351 பேரைச் சேர்த்து ஆளுக்குக் கொஞ்சம் கேட்பது எவ்வளவோ மேல். கூலியில்லாமல் உழைப்பவரிடம் கேட்கக்கூடியது அவ்வளவுதான்.

சத்தம் கேட்ட இரவு

இவ்வளவும் மெதுவாக நடக்கும்போது பக்கத்து அறையில் அடி விழுந்துகொண்டுதானே இருக்கும்? விழும். சமூகத்தின் எண்ணத்தை மாற்றும் திட்டத்துக்கும் ஆபத்தில் உதவும் வேலைக்கும் நடுவில் உள்ள இந்த இழுபறியைத் தீர்க்கச் சுலபமான வழி கிடையாது. ஆனால் தன்னார்வலருக்கு எல்லையை முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டலாம். குடும்ப வன்முறையில் வேலை செய்பவர்கள் எங்கும் ஒத்துக்கொள்ளும் சில கோடுகள் உண்டு.

முதல் கோடு, தனியாகப் போகக் கூடாது. இரண்டாவது, நியாயம் கேட்கப் போகக் கூடாது. சண்டையை அறுக்கப் போகலாம். கதவைத் தட்டித் தீப்பெட்டி கேட்பது, மணி என்ன என்று கேட்பது. 2008இல் இந்தியாவில் 'பெல் பஜாவோ' என்று ஓர் இயக்கம் நடந்தது நினைவிருக்கலாம், அழைப்புமணியை அழுத்து என்று அர்த்தம். அடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வெளியில் கேட்கிறது. மூன்றாவது, யார் சொல்லித் தெரியும் என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. நான்காவது கோடுதான் தன்னார்வலர்கள் அதிகம் தாண்டுவது: கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்து, 'சொல்லுமா, என்ன நடந்தது?' என்று கேட்பது. அவர் எதிரில் அவள் என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி அதற்குத் தண்டனை. சொல்லாவிட்டால், 'பாத்தீங்களா, ஒண்ணுமில்லை' என்று கோப்பு மூடப்படும்.

அப்புறம், எதைக் கேட்டால் பொறுமையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே மேலே தகவல் சொல்ல வேண்டும் என்பது. கழுத்தை நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால் அது அடியோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு அடி இல்லை. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பிற்பாடு அதே துணைவனால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது. காயம் வெளியில் தெரியாமலே போகலாம் என்பதால் தன்னார்வலர் இதை லேசாக எடுத்துக்கொள்ளும் அபாயம் அதிகம். அதேபோல, 'நான் அம்மா வீட்டுக்குப் போகப்போறேன்' என்று அவள் முடிவெடுக்கும் வாரம்தான் ஆபத்து கூடும் வாரம். 'கிளம்பிடு, கிளம்பிடு' என்று வெளியிலிருந்து உந்தித்தள்ளும் நல்லெண்ணக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

மேலே சொல்வது என்றால் யாரிடம்? கம்பாலாவில் முதல் படி எல்.சி. 1, ஊர்மட்ட உள்ளாட்சிக் குழுவின் தலைவர். உகாண்டாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 2010இல்தான் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்த அமைப்புகளில் செடோவிப்பும் ஒன்று. சட்டம் வந்தபோது திட்டம் ஏற்கெனவே தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் உள்ளாட்சி நீதிமன்றத்துக்கும் இந்த வழக்குகளை எடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது: எச்சரிக்கலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், இழப்பீடு தரச் சொல்லலாம், சமரசம் செய்துவைக்கலாம். சமரசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். அடித்தவனும் அடிபட்டவளும் கைகுலுக்கிக்கொண்டால் தலைவருக்கு வேலை முடிந்தது, அவளுக்கு முடியவில்லை. தலைவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தது அதனாலும் முக்கியம். தன்னார்வலர் எவ்வளவு பக்குவமாகக் கொண்டுவந்து சேர்த்தாலும், வாங்கிக்கொள்பவர் 'பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோம்மா' என்று திருப்பி அனுப்பிவிட்டால் அந்தப் பெண் இரண்டாவது முறை வாய் திறக்க மாட்டாள்.

பிள்ளைகள்

சாசா பெரியவர்களுக்கு நடுவில் நடக்கும் வன்முறைக்கான திட்டம். பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது, திட்டம் நடந்த பகுதிகளில் மற்றவற்றைவிட 64 சதவீதம் குறைவு என்று 2015இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அடிதடி குறைந்த வீடுகளில் பிள்ளைகளோடு பேசும் விதமும் மாறியதாகப் பெற்றோர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். கணவன் மனைவிக்குள் அதிகாரத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால் அது அப்பா பிள்ளை வரை போகாமல் எங்கே நிற்கும்?

ஆனால் பிள்ளை நேரடியாக அடிபடும்போது என்ன நடக்கிறது என்பதற்கு அதே உகாண்டாவில், அதே ரெய்சிங் வாய்சஸ் சம்பந்தப்பட்ட இன்னொரு ஆய்வில் கசப்பான பதில் இருக்கிறது. லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களின் அடியைக் குறைக்க ஒரு திட்டம் நடந்தது. அது பலித்தது: கடந்த வாரம் பள்ளி ஊழியரிடம் அடிபட்டதாகச் சொன்ன பிள்ளைகள் திட்டம் நடந்த பள்ளிகளில் 31 சதவீதம், நடக்காத பள்ளிகளில் 49 சதவீதம். அந்த 31ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதா என்பது வேறு விஷயம். என் கண்ணை நிறுத்தியது அதற்கு முன்பு, 2012இல் எடுத்த ஆரம்பக் கணக்கெடுப்பு. 3,706 பிள்ளைகளிடம் பேசினார்கள். அவர்கள் சொன்னதை வைத்து, கடுமையான பாதிப்பு உள்ள 529 பேரின் விவரம் பாதுகாப்பு அமைப்புகளுக்கு அனுப்பப்பட்டது. என்ன செய்வது என்று திட்டம் போட்டு, அதில் ஏதாவது உண்மையில் செய்தும் காட்டினார்கள் என்று சொல்லும்படி நடந்தது 20 பேருக்கு.

529இல் 20. தன்னார்வலர் படை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மறுமுனையில் தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும். பிள்ளையின் வாயைத் திறக்கவைத்துவிட்டு, பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றால், திறக்காமலே இருந்திருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். அதனால் ஒருங்கிணைப்பாளரின் வேலைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இது: முதல் தன்னார்வலரைத் தெருவுக்கு அனுப்புமுன் எந்தப் போலீஸ் நிலையத்தில் யார், எந்த ஆஸ்பத்திரியில் யார், ராத்திரி தங்க எங்கே இடம், போகச் செலவு யார் கையில் என்று நடந்து போய்ப் பார்த்து எழுதிவைப்பது. காகிதத்தில் இருக்கும் பட்டியல் போதாது. அந்த எண்ணுக்கு ஒருமுறை ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன

2012 கணக்கெடுப்பின் முடிவு 2014இல் வெளிவந்தது. கடந்த ஓர் ஆண்டில் கணவனோ துணைவனோ அடித்ததாகச் சொன்ன பெண்கள், திட்டம் நடந்த பகுதிகளில் மற்றவற்றைவிட 52 சதவீதம் குறைவு. இந்த 52தான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் எண். கூடவே இருக்கும் இன்னொரு எண்ணை யாரும் காட்டுவதில்லை. எட்டே எட்டுப் பகுதிகளை வைத்து எடுத்த கணக்கு என்பதால் பிழை எல்லை மிக அகலம்: 84 சதவீதம் குறைவு முதல் 39 சதவீதம் கூடுதல் வரை எங்கு வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. அடிப்பதைச் சரி என்று நினைக்கும் பெண்களின் விகிதம் மற்ற பகுதிகளில் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான். இதில் பிழை எல்லை குறுகல். உடலுறவுக்கு மனைவி மறுக்கலாம் என்று ஒத்துக்கொள்ளும் ஆண்களும் பெண்களும் கூடினார்கள். அடிபட்ட பெண்ணுக்கு அக்கம்பக்கம் துணை நிற்பதும் கூடியது, ஆனால் அதன் பிழை எல்லையும் அகலம்தான். எல்லா அளவீடுகளும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதால் 52ஐ நான் தூக்கி எறிய மாட்டேன். அதைச் சுவரில் எழுதி மாட்டவும் மாட்டேன்.

இந்த நான்கு ஆண்டும் வேலை தொடர்ந்து நடக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009 செப்டம்பரில் கம்பாலாவில் கலவரம், 2011இல் தேர்தலும் அதன்பின் போராட்டங்களும். கணக்கெடுப்புகளுக்கு இடையில் இருந்தது நான்கு ஆண்டு. திட்டம் உண்மையில் ஓடியது 2.8 ஆண்டு. செலவுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: ஒரு பெண் ஓர் ஆண்டில் வன்முறைக்கு ஆளாவதைத் தடுக்க ஆன செலவு ஏறத்தாழ 460 டாலர். தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லையே, பிறகு எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. தன்னார்வலர் இலவசம், தன்னார்வலரைத் தாங்குவது இலவசம் இல்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாரே அந்த ஊழியர், அவருக்குச் சம்பளம் உண்டு. பயிற்சிக்கும் அச்சுக்கும் போக்குவரத்துக்கும் பணம் வேண்டும்.

சாசாவைப் பார்த்து, அதன் முறைகளை எடுத்துக்கொண்டு பக்கத்து நாடான ருவாண்டாவில் 'இந்தாஷிகிர்வா' என்ற திட்டம் 2014 முதல் 2018 வரை நடந்தது. அங்கே தம்பதிகளை மாதக்கணக்கில் உட்காரவைத்து நடத்திய வகுப்புகள் நன்றாகப் பலித்தன. அந்தத் தம்பதிகளுக்குள் வன்முறை கணிசமாகக் குறைந்தது. ஆனால் அவர்களில் சிலரைத் தன்னார்வலர்களாக்கி ஊருக்குள் அனுப்பிய பகுதி, ஊர் அளவில் வன்முறையைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. தொடங்குவதில் தாமதமாகி, ஊருக்குள் வேலை செய்யக் கிடைத்த காலம் சுருங்கிப்போனது காரணங்களில் ஒன்று. கம்பாலாவில் இருந்த அந்த அவசரமில்லாத முதல் கட்டத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் இரண்டு நாடுகளின் வித்தியாசத்தில் பாதி அங்கேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

காத்திருந்த நான்கு பகுதிகள் என்ன ஆயின என்று கேட்க வேண்டும். 2012இல் கணக்கெடுப்பு முடிந்தபிறகு அங்கேயும் சாசா போனது. ஆரம்பத்திலேயே அப்படித்தான் ஏற்பாடு. அதற்கு முன் நான்கு ஆண்டு, அதே ருபாகாவிலும் மகிந்தியேயிலும், அதே மாதிரி முசிகோக்களில், அதே மாதிரிச் சுவர்களுக்கு இந்தப் பக்கம், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.